பழைய பேரோவியத்தைத் தெருக்கலையாக மறு ஆக்கம் செய்வது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

மோனேயின் ஜிவெர்னி தோட்டத்துக் குளம், அல்லி இலைகள், மேலே வளைந்து நிற்கும் ஜப்பானியப் பாலம். எல்லாம் பார்த்துப் பழகியவைதான். ஆனால் இந்தப் படத்தில் சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டிகள் தண்ணீரில் பாதி மூழ்கிக் கிடக்கின்றன. பக்கத்திலேயே ஆரஞ்சு நிறத்தில் ஒரு டிராஃபிக் கோன். பிரிட்டிஷ் தெருக்கலைஞர் பாங்க்சி 2005-இல் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தது. 2020 அக்டோபரில் சோதபீஸ் ஏலத்தில் 75 லட்சம் பவுண்டைத் தாண்டி விலைபோனது.

விலை கிடக்கட்டும், அந்தத் தள்ளுவண்டிகளைக் கவனியுங்கள். அவை படத்தின்மேல் ஒட்டவைத்ததுபோல் துருத்திக்கொண்டு நிற்கவில்லை, குளத்துக்குள்ளேயே கிடக்கின்றன. முதலில் மோனே தெரிகிறார், பிறகுதான் குப்பை தெரிகிறது. குப்பை முதலில் கண்ணில் பட்டிருந்தால் அது வெறும் கேலிச்சித்திரமாகப் போயிருக்கும்.

பழைய ஓவியத்தில் எதைச் சேர்ப்பது என்ற யோசனை யாருக்கும் வந்துவிடும். கையில் செங்கோலுக்குப் பதில் ஸ்ப்ரே கேன், காதில் ஹெட்ஃபோன், வாயில் பபிள்கம் என்று ஐந்து நிமிடத்தில் பத்து யோசனை தேறும். எதைத் தொடாமல் விடுவது என்று தீர்மானிப்பதுதான் வேலையில் முக்கால் பங்கு. கீழே வரும் படிகள் எல்லாம் அந்தத் தீர்மானத்தைச் சுற்றியே அமைந்தவை.

படி 1: எந்த வழியில் கை வைக்கப்போகிறீர்கள்?

இந்த வகை வேலைகள் ஏராளம். ஆனால் வழிகள் என்று பார்த்தால் ஐந்துக்குள் அடங்கிவிடும்.

அந்நியப் பொருள் ஒன்றை உள்ளே நுழைப்பது முதல் வழி. மார்செல் துஷாம் 1919-இல் மோனலிசா அஞ்சலட்டை ஒன்றில் மீசையும் குறுந்தாடியும் வரைந்தது இதற்கு மூத்த உதாரணம். பிரிஸ்டல் நகரச் சுவரில் பாங்க்சி 2014-இல் செய்தது இன்னும் நுட்பம். வெர்மீரின் முத்துத்தோடு பெண்ணை வரைந்தார், முத்து இருக்கவேண்டிய இடத்தில் அந்தச் சுவரில் ஏற்கெனவே மாட்டியிருந்த பாதுகாப்பு அலாரப் பெட்டி வந்து உட்கார்ந்தது. பொருளை அவர் கொண்டுவரவில்லை; பொருள் இருந்த இடத்துக்கு ஓவியத்தைக் கொண்டுபோனார்.

ஆளை மாற்றுவது இரண்டாவது. இதில் அமெரிக்க ஓவியர் கெஹிண்டே வைலியைத் தாண்டிப் போக முடியாது. ஆல்ப்ஸ் மலையைக் குதிரைமேல் கடக்கும் நெப்போலியனை ழாக்-லூயி டேவிட் வரைந்தது 1801-இல். வைலி 2005-இல் அதே குதிரை, அதே கைநீட்டல், காற்றில் பறக்கும் அதே மேலங்கி எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு, இராணுவப் பச்சைப்புள்ளி உடையும் டிம்பர்லேண்ட் பூட்ஸும் அணிந்த ஒரு கறுப்பின இளைஞரைக் குதிரையில் ஏற்றினார். பின்னால் மலை இல்லை, சிவப்பும் பொன்னுமாய் ஒரு சித்திரப் பட்டுத் திரை. கீழே பாறையில் போனபார்ட், ஹன்னிபால், சார்லமேன் பெயர்கள் டேவிட் செதுக்கியபடியே இருக்க, கூடவே ‘வில்லியம்ஸ்’ என்று ஒரு சாதாரணப் பெயர். நிஜத்தில் நெப்போலியன் மலையைக் கடந்தது கோவேறு கழுதையில். மூல ஓவியமே விளம்பரத்துக்காகச் செய்த ஜோடனை என்பதால்தான் வைலியின் மாற்றம் அவ்வளவு ஆழமாகத் தைக்கிறது. ராபர்ட் கோல்ஸ்காட் 1975-இல் டெலவேர் நதியைக் கடக்கும் வாஷிங்டனின் இடத்தில் கறுப்பின வேளாண் அறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரை நிறுத்தியதும், யாசுமாசா மோரிமுரா 1988-இல் மனேயின் ஒலிம்பியாவாகத் தானே படுத்துப் படமெடுத்ததும் இதே வழிதான்.

மூன்றாவது, உருவத்தை விட்டுவிட்டு அதைச் சொல்லும் முறையை மாற்றுவது. லிக்டென்ஸ்டைன் 1969-இல் மோனேயின் ரூவான் தேவாலயத்தை அச்சுப் புள்ளிகளாக்கினார். இன்வேடர் 2005-இல் மோனலிசாவை ரூபிக் கனசதுரங்களால் கட்டினார். அய் வெய்வெய் 2022-இல் மோனேயின் அல்லிக்குளத்தைச் சுமார் 6,50,000 லெகோ கட்டைகளால் 15 மீட்டர் நீளத்துக்கு அடுக்கினார்.

நான்காவது, இடத்தை மாற்றுவது. எர்னஸ்ட் பிஞ்ஞோன்-எர்னஸ்ட் கரவாஜியோவின் உருவங்களை நேப்பிள்ஸ் சந்துகளில் தாளாக ஒட்டினார். ஜூலியன் டி கசாபியாங்கா அருங்காட்சியக ஓவியங்களின் மூலையில் நிற்கும் யாரோ ஒருவரை மட்டும் வெட்டியெடுத்துப் பாழடைந்த சுவர்களில் பெரிதாக ஒட்டிவருகிறார். ரவோ மத்தோனி கரவாஜியோவை முழுக்க ஸ்ப்ரே கேனிலேயே சுவரளவு வரைகிறார்.

ஐந்தாவது, மறைப்பது. டைட்டஸ் கஃபார் 2017-இல் ஒரு மேடையில் பார்வையாளர்கள் கண்முன்னாலேயே, ஃபிரான்ஸ் ஹால்ஸின் குடும்ப ஓவியம் ஒன்றின் பிரதிமேல் வெள்ளை வண்ணத்தை அடித்துக்கொண்டே போனார். பணக்காரக் குடும்பம் மறைந்தது. பின்னால் நின்றிருந்த கறுப்பினச் சிறுவன் மட்டும் மிஞ்சினான். வெள்ளையில் ஆளிவிதை எண்ணெய் கலந்திருப்பதால் காலப்போக்கில் அது ஒளிபுகும்படி ஆகும், மறைந்தவர்கள் மெல்லத் திரும்பி வருவார்கள் என்பதும் அவர் திட்டத்தில் அடக்கம்.

ஒரு படத்துக்கு ஒரு வழி போதும். ஆளையும் மாற்றி, பொருளையும் நுழைத்து, மேலே புள்ளியும் போட்டால் மூலம் எங்கே என்று தேடவேண்டி வரும்.

படி 2: மூலத்தைத் தேர்ந்தெடுப்பது

மோனலிசா, முத்துத்தோடு பெண், வான் கோவின் விண்மீன் இரவு, மைக்கலாஞ்சலோவின் இரு விரல்கள். இந்த நான்கையும் முதல் முயற்சிக்குத் தவிர்த்துவிடுங்கள் என்பது என் கருத்து. அவற்றின்மேல் ஏற்கெனவே நூறு பேர் ஏறி மிதித்துவிட்டார்கள். அதற்காக யாருக்கும் தெரியாத படத்தை எடுத்தாலும் பயனில்லை. பெயர் நினைவுக்கு வராவிட்டாலும் ‘எங்கேயோ பார்த்திருக்கிறோமே’ என்று தோன்றவேண்டும்.

படத்தைக் கட்டைவிரல் நக அளவுக்குச் சுருக்கி, கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். உருவத்தின் வெளிக்கோடு அப்போதும் பிடிபட்டால் அது தெருவில் தாங்கும். லா தூரின் மெழுகுவர்த்தி வெளிச்சப் படங்கள், கரவாஜியோ, டேவிட்டின் ‘மாராவின் மரணம்’ இவையெல்லாம் தேறிவிடும். ரூபன்ஸின் கூட்டக் காட்சிகள் பெரும்பாலும் தேறாது.

வேலை செய்யக் காலி இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த வழிகாட்டிக்கு நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் வெர்மீர் சுமார் 1660-இல் வரைந்த ‘பால் ஊற்றும் பெண்’. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கிறது, 45.5 × 41 செ.மீ. மட்டுமே, நேரில் பார்ப்பவர்கள் இவ்வளவு சிறியதா என்று கேட்கும் அளவு. இந்தப் படத்தில் பாதி இடம் வெற்றுச் சுவர். அந்தச் சுவரும் சும்மா வந்ததில்லை. ஜாடிகள் தொங்கும் பலகை ஒன்றை வெர்மீர் முதலில் அங்கே வரையத் தொடங்கி, பிறகு மூடிவிட்டார் என்று 2022-இல் ரைக்ஸ்மியூசியம் நடத்திய ஆய்வில் தெரிந்தது. வேண்டுமென்றே காலியாக்கிய சுவர். தெருக்கலைஞருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

படி 3: உரிமையைச் சரிபார்ப்பது

ஓவியர் இறந்து 70 ஆண்டு கடந்துவிட்டால் பெரும்பாலான நாடுகளில் பதிப்புரிமை முடிந்துவிடும். சில நாடுகளில் கணக்கு வேறு. வெர்மீர், கரவாஜியோ, 1890-இல் இறந்த வான் கோ, 1926-இல் இறந்த மோனே ஆகியோரிடம் இந்தச் சிக்கல் இல்லை. 1973-இல் இறந்த பிக்காசோவைத் தொடவேண்டாம்.

ஓவியத்துக்கு உரிமை இல்லாவிட்டாலும் அதைப் படமெடுத்தவருக்கு உரிமை உண்டா? அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 1999-இலேயே, தட்டையான ஓவியத்தை அச்சு அசலாகப் படமெடுத்தால் புதிய உரிமை பிறக்காது என்றது. ஐரோப்பிய ஒன்றியமும் 2019 நெறிமுறையில் இதையே சொன்னது. ஆனால் இத்தாலி தனி ராகம் பாடும் நாடு. பாரம்பரியச் சொத்துச் சட்டத்தைக் காட்டி, போத்திசெல்லியின் வீனஸை ஆடையில் அச்சிட்டதற்காக ழான் பால் கோத்தியே நிறுவனத்தின்மேல் உஃபிசி அருங்காட்சியகம் 2022-இல் நடவடிக்கை எடுத்தது. விற்பதற்காகச் செய்கிறீர்கள் என்றால், இத்தாலிய அரசு அருங்காட்சியகங்களின் படங்களை எடுக்குமுன் இருமுறை யோசியுங்கள்.

இன்றுள்ள புகைப்படக்காரர் எடுத்த படத்தை மறு ஆக்கம் செய்வது முற்றிலும் வேறு கதை. பாடகர் பிரின்ஸின் புகைப்படத்தை வைத்து அமெரிக்கக் கலைஞர் வார்ஹோல் செய்த படங்கள் குறித்த வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023-இல் புகைப்படக்காரர் பக்கம்தான் நின்றது.

படி 4: நல்ல படக்கோப்பு, சரியான அளவு

தேடுபொறியில் கிடைக்கும் படங்களை நம்பாதீர்கள். ஒரே ஓவியம் பத்துத் தளங்களில் பத்து நிறத்தில் இருக்கும். ரைக்ஸ்மியூசியம், நியூயார்க் மெட்ரோபாலிட்டன், வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம், சிகாகோ, கிளீவ்லேண்ட் ஆகிய அருங்காட்சியகங்கள் பதிப்புரிமை தீர்ந்த ஓவியங்களின் பெரிய கோப்புகளை இலவசமாகவே தருகின்றன.

நம் உதாரணத்தை இருமடங்காக்கினால் 91 × 82 செ.மீ. இதை 150 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 150 புள்ளி) அச்சிட ஏறத்தாழ 5,374 × 4,843 பிக்சல் வேண்டும். மேலே வண்ணம் ஏறப்போவதால் 300 டிபிஐ கட்டாயமில்லை. கோப்பில் நிறத்தைக் கூட்டுவதோ கூர்மையாக்குவதோ வேண்டாம்.

படி 5: ஒளி வரைபடம்

பலரும் தாண்டிப்போகும் படி இது. வேலை கெட்டுப்போனால் பெரும்பாலும் இங்கேதான் கெட்டிருக்கும்.

மூலத்தைச் சின்னதாக அச்சிட்டு, மேலே டிரேசிங் தாள் போட்டு, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, நிழல் எங்கே விழுகிறது, எங்கே விளிம்பு கூர்மை, எங்கே மங்கல் என்று பென்சிலில் குறியுங்கள். பால் ஊற்றும் பெண்ணில் வெளிச்சம் இடப்பக்க ஜன்னலிலிருந்து வருகிறது. அப்படியானால் சுவரின் இடப்பக்கம் வெளிச்சமாக இருக்கவேண்டும் என்று தோன்றும். இல்லை. ஜன்னலை ஒட்டிய பகுதிதான் இருட்டு. வலப்பக்கம் போகப்போகச் சுவர் வெளுக்கிறது.

இன்னும் கிட்டப் போங்கள். சுவரில் மேலே ஓர் ஆணி அடித்திருக்கிறது, அதற்கு ஒரு குட்டி நிழல். ஆணி பிடுங்கிய ஓட்டைகளும் தெரியும். பெண்ணின் வலப்பக்க வெளிக்கோட்டை ஒட்டி மிக மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடுகிறது. உருவத்தைச் சுவரிலிருந்து பிரித்துக் காட்ட வெர்மீர் செய்த உபாயம். 360 ஆண்டுகளுக்கு முன்பே உருவத்தைச் சுற்றி ஸ்டிக்கர் ஓரம்!

இந்தச் சுவரில் கிராஃபிட்டி எழுதப்போகிறீர்கள் என்றால் தொடக்கூடாதவை எவை என்று இப்போது தெரிந்துவிட்டது. ஆணி, அதன் நிழல், ஓட்டைகள், அந்த வெள்ளைக் கோடு. எழுத்து இவற்றுக்கு அடியில் போகவேண்டும். ஆணியின் நிழல் உங்கள் ஸ்ப்ரே வண்ணத்தின்மேல் விழுந்தால்தான் அந்த எழுத்து அந்த அறைக்குள் இருப்பதாகக் கண் நம்பும்.

படி 6: அடித்தளம்

இரண்டு தெரிவுகள். கையாலேயே பிரதி எடுத்து வரைவது ஒன்று, கேன்வாஸில் அச்சிட்டு அதன்மேல் வேலை செய்வது மற்றொன்று. அச்சிடுவதை ஏமாற்றுவேலை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். துஷாம் தொட்டது அஞ்சலட்டை. வார்ஹோல் 1986-இல் லியோனார்டோவின் கடைசி விருந்து வரிசையைச் செய்தபோது, பலமுறை நகலெடுக்கப்பட்ட அச்சுப் பிரதிகளையே வைத்து வேலை செய்தார். நம் எல்லோருக்கும் பழக்கம் அந்த நகல்தானே.

அச்சிட்ட கேன்வாஸ் என்றால் பிக்மென்ட் மை (நிறத்துகள் மை) கேளுங்கள். டை மை (கரைந்த சாய மை) ஈரம் பட்டால் கலங்கும். ஓரத்தில் ஈரப் பஞ்சை வைத்து எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பிறகு அக்ரிலிக் ஸ்ப்ரே வார்னிஷை மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை அடித்துக் காயவிடுங்கள். தப்பாகப் போன வண்ணத்தைத் துடைத்தெடுக்க இது கைகொடுக்கும்.

எண்ணெய் வண்ணத்தில் வரைந்த அடித்தளத்தின்மேல் அக்ரிலிக் போடாதீர்கள். பிடிக்காது, நாளடைவில் உரிந்துவரும். அக்ரிலிக்கின்மேல் எண்ணெய் போடலாம், தொந்தரவில்லை.

படி 7: தெருவின் கை

முதலில் பாதுகாப்பு. ஸ்ப்ரே கேனில் இருப்பது கரைப்பான் ஆவி. துணி முகக்கவசமும் தூசி மாஸ்க்கும் அதைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜும் துகள் வடிகட்டியும் சேர்ந்த ரெஸ்பிரேட்டர், நைட்ரைல் கையுறை, திறந்த வெளி, பக்கத்தில் நெருப்பு இல்லாமை. இதில் சமரசம் கிடையாது.

அடுத்து மறைப்பு. பெண்ணையும் மேசையையும் மறைப்புப் படலத்தால் மூடி, வெளிக்கோட்டின்படி கூர்கத்தியால் மெல்ல வெட்டுங்கள். அந்த வெள்ளைக் கோடும் படலத்துக்கு உள்ளேயே வரும்படி ஒரு மி.மீ. தள்ளி வெட்டவேண்டும். கேன்வாஸை அறுத்துவிடாதபடி, புதிய பிளேடு, லேசான கை. ஆணிக்கும் ஓட்டைகளுக்கும் தனித்தனித் துண்டுகள்.

ஸ்டென்சில் (வெட்டுத்தாள் அச்சு) போடுவதானால் படத்தை மூன்று அல்லது நான்கு வெளிச்ச-இருள் தொனிகளாகப் பிரித்து, தொனிக்கு ஒன்றாக மைலார் என்ற பிளாஸ்டிக் தாளிலோ தடித்த அட்டையிலோ வெட்டுங்கள். எழுத்தின் உள்வட்டம், கண்ணின் வெள்ளை போன்ற தனித்தீவுகள் விழுந்துவிடாமல், அவற்றைத் தாளோடு பிடித்துவைக்கும் மெல்லிய பாலங்களை வெட்டாமல் விடவேண்டும். சின்ன ஓட்டைகளை முதலில் வெட்டிவிட்டுப் பெரியவற்றைக் கடைசியில் வெட்டினால் தாள் தளராது. ஒவ்வொரு தாளிலும் அதே இரண்டு மூலைகளில் பொருத்தக் குறிகள் இருக்கட்டும்.

கேனை ஓரிரு நிமிடம் நன்றாகக் குலுக்கி, 15 முதல் 20 செ.மீ. தள்ளி, நேர்செங்குத்தாகப் பிடித்து, தூவலாக அடியுங்கள். சாய்த்துப் பிடித்தால் தாளுக்கு அடியில் வண்ணம் புகுந்து விளிம்பு கலங்கும். ஒரே மூச்சில் நிரப்புவதைவிட மூன்று மெல்லிய பூச்சு மேல். விளிம்பில் கொஞ்சம் கசிந்தால் கவலைப்படாதீர்கள். கச்சிதமாக இருக்கும் ஸ்டென்சிலில் தெருவாசனை போய்விடும்.

படத்திலுள்ள சுவரில் கைவீச்சாக எழுதுவதானால் தடித்த முனை மூடி போடுங்கள். எழுதுமுன் தாளில் பல தடவை பழகிவிட்டு வாருங்கள், கேன்வாஸின்மேல் தயங்கிய கோடு உடனே காட்டிக்கொடுத்துவிடும். வண்ணம் வழியவேண்டும் என்றால் கேனை நெருக்கமாகப் பிடித்து ஒரே இடத்தில் ஒரு கணம் நிறுத்தினால் போதும். ஆனால் எத்தனை வழிசல் என்பதில் கஞ்சத்தனம் காட்டுங்கள். வழிசல், புள்ளி, தெறிப்பு மூன்றும் சேர்ந்த ‘தெரு’ அலங்காரத்தை எல்லா ஹோட்டல் வரவேற்பறைகளிலும் பார்த்துவிட்டோம்.

புள்ளி வழி உங்களுக்குப் பிடித்தால் ஸ்க்ரீன் பிரிண்டிங்தான் சுலபம். படத்தை அங்குலத்துக்கு 20 முதல் 35 வரிகள் கொண்ட ஹாஃப்டோனாக (அச்சுப் புள்ளி வடிவமாக) மாற்றினால் புள்ளி கண்ணுக்குத் தெரியும் அளவில் வரும். ஸ்க்ரீன் வலையின் இழை எண்ணிக்கை அதைப்போல நான்கைந்து மடங்கு இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அலையலையாய்க் கோலம் விழும். லிக்டென்ஸ்டைன் ஆரம்பத்தில் நாய் முடி வாரும் பிரஷ்ஷை வண்ணத்தில் தோய்த்துப் புள்ளி வைத்தார், பிறகுதான் துளைத் தகட்டுக்கு மாறினார். எனவே கருவி இல்லை என்று யாரும் ஒதுங்க வேண்டியதில்லை.

படி 8: மீண்டும் வெர்மீரின் கை

படலத்தை உரித்ததும் எழுத்து சுவரிலிருந்து எழும்பி முன்னால் நிற்கும். அறையின் வெளிச்சம் அதன்மேல் இன்னும் படவில்லை. ஒளி வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு, நீர்த்த அக்ரிலிக்கில் பழுப்பும் சாம்பல் நீலமும் கலந்து எழுத்தின் இடப்பக்கத்தை மெல்ல இருட்டாக்குங்கள். வலப்பக்கம் அப்படியே இருக்கட்டும். ஆணியின் நிழலைச் சுற்றியுள்ள வண்ணத்தோடு இணைத்து விடுங்கள். சுவரின் ஓட்டைகள் சில எழுத்துக்குள் வந்திருந்தால், சிறு தூரிகையால் மறுபடி வைத்துவிடுங்கள்.

பிறகு படத்தைத் தலைகீழாக வைத்துப் பாருங்கள். எழுத்து இன்னும் துருத்தினால் மற்றொரு மெல்லிய பூச்சு. போதும் என்று தோன்றுவதற்கு ஒரு பூச்சு முன்னதாகவே நிறுத்துவது நல்லது. முழுக்க இருட்டிவிட்டால் எழுத்து பழைய சுவர்க்கறை மாதிரி ஆகி, இன்றைய கை வந்துபோன சுவடே தெரியாது.

படி 9: நிஜச் சுவருக்குப் போவதானால்

சுவர் உரிமையாளரின் அனுமதி எழுத்தில் வேண்டும். பெரிதாக்குவதற்குக் கட்டம் போடுவது பழைய முறை. இப்போது பலரும் சுவரெங்கும் கன்னாபின்னாவென்று எழுத்தும் சுழியுமாகக் கிறுக்கி, அதைப் படமெடுத்து, ஓவியக் கோப்பை அதன்மேல் ஒளிபுகும்படி வைத்துக்கொள்கிறார்கள். எந்தக் கிறுக்கலின் மேல் மூக்கு வருகிறது, எதன் பக்கத்தில் விரல் வருகிறது என்று கைபேசியைப் பார்த்தே வரைந்துவிடலாம். மேடுபள்ளச் சுவரிலும் இது பிசகாது.

தாளாக ஒட்டுவதானால் ஒரு பங்கு மைதாவுக்கு நான்கு பங்கு தண்ணீர், கட்டியில்லாமல் காய்ச்சிய பசை. சுவரில் ஒரு பூச்சு, தாளை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து, மேலேயும் ஒரு பூச்சு. மெல்லிய தாள்தான் சுவரின் மேடுபள்ளத்தோடு படியும்.

படி 10: வார்னிஷ், சட்டம், பெயர்ப்பலகை

வண்ணம் முழுக்கக் காய்ந்தபின் ஸ்ப்ரே வார்னிஷ். மூல அச்சு மினுமினுப்பும் ஸ்ப்ரே மங்கலுமாக இருந்தால் ஒரே வகை வார்னிஷ் அடித்துச் சமன்செய்யத் தோன்றும். சிலர் வேண்டுமென்றே எழுத்தை மங்கலாகவே விடுகிறார்கள், அதுவும் அழகுதான். சட்டத்தில் மட்டும் தயங்காதீர்கள். வைலியின் நெப்போலியனுக்குப் பொன்முலாம் பூசிய சட்டம் எவ்வளவு உழைக்கிறது என்று பாருங்கள். வேலைப்பாடுள்ள பழைய பாணிச் சட்டம் மூலத்தின் பக்கம் எடை கூட்டும்.

பெயர்ப்பலகையில் ‘வெர்மீரின் பால் ஊற்றும் பெண், சுமார் 1660, தழுவி’ என்று தெளிவாக எழுதுங்கள். கேன்வாஸின் பின்பக்கத்தில் உங்கள் கையெழுத்து, ஆண்டு, கோப்பு எந்த அருங்காட்சியகத்திலிருந்து எடுத்தது, எந்த மை, எந்த வண்ணம், எந்த வார்னிஷ் என்று பென்சிலில் குறித்துவையுங்கள். பின்னாளில் இதைச் சுத்தம் செய்ய வருபவர் முதலில் தேடப்போவது அந்தக் குறிப்பைத்தான்.